பதினேழு வயதுக்குப் பிறகு

இளையோர் உலகக் கிண்ணம் வென்ற பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆனது எப்படி? நம் பிள்ளைகளில் பலர் அதே வழியில் பாதியிலேயே நின்றுவிடுவது ஏன்?

2001ஆம் ஆண்டு, பெண்களுக்கான உலக இளையோர் ஸ்குவாஷ் போட்டி பினாங்கில் நடந்தது. சொந்த ஊர் மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, நிக்கோல் டேவிட் கிண்ணத்தை வென்றார். அவருக்கு அது இரண்டாவது கிண்ணம். முதலாவதை 1999இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வாங்கியிருந்தார். அந்தப் பட்டத்தை இரண்டு முறை வென்ற பெண் அதுவரை உலகத்தில் ஒருவரும் இல்லை.

அடுத்த ஆண்டு புசானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 1998இல் பேங்காக்கில் பதினைந்து வயதிலேயே தங்கம் வாங்கியவர் என்பதால், புசானிலும் தங்கம் நிச்சயம் என்று நம்பினோம். இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூ அவரை வீழ்த்தினார். இரண்டு முறை உலக இளையோர் பட்டம் பெற்றவர் வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

விளையாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன கட்டம். பதினாறு, பதினேழு வயதில் பெயர் கொட்டை எழுத்தில் வரும். பத்தொன்பதில் செய்தி ஒரு பத்தியாகச் சுருங்கும். இருபத்தொன்றில், "அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது?" என்று திருமண வீட்டில் யாராவது கேட்பார்கள். யாருக்கும் பதில் தெரியாது. நிக்கோலின் வாழ்க்கையை நாம் எப்போதும் அவர் வென்ற எட்டு உலகக் கிண்ணங்களிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறோம். அதனால் புசான் தோல்விக்கும் முதல் உலகக் கிண்ணத்துக்கும் நடுவே கிடக்கும் மூன்று ஆண்டுகள் நம் கண்ணில் படுவதே இல்லை. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் நம் பெற்றோர்கள் கூர்ந்து படிக்க வேண்டியவை அந்த மூன்று ஆண்டுகள்தான்.

எதிர்க்கரையில் ஒரு குன்று

பாகான் டாலாம்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி வளர்ந்த ஊர் நம்முடையது. பட்டர்வொர்த் படகுத்துறையிலிருந்து கடலைத் தாண்டினால் ஜோர்ஜ்டவுன். பாலத்தில் போனால், அது தீவில் இறங்கும் குளுகோரிலிருந்து வெகுதூரமில்லை புக்கிட் டும்பார். அங்குள்ள ஸ்குவாஷ் மையத்துக்குத்தான் ஐந்து வயது நிக்கோல் தன் அக்காமார்கள் லியான், ஷெரில் இருவருக்கும் பின்னால் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா டெஸ்மண்ட் டேவிட் இந்திய வம்சாவளிப் பொறியாளர், இளமையில் தாமும் விளையாட்டாளராக இருந்தவர். அம்மா ஆன் மேரி சீனர், ஆசிரியை. பிள்ளைகள் படித்தது கான்வென்ட் கிரீன் லேன் பள்ளியில். பெரிய பணக்காரக் குடும்பம் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போய், சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்த நடுத்தரக் குடும்பம்.

அந்தப் புக்கிட் டும்பாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1998இல் ஆண்களுக்கான உலக இளையோர் பட்டத்தை வென்றவர் ஓங் பெங் ஹீ. அவரும் பினாங்குப் பையன்தான். பின்னாளில் உலகத் தரவரிசையில் ஏழாம் இடம் வரை போனார். நிக்கோலுக்கு ஏழு வயது இளையவரான லோ வீ வெர்ன் ஐந்தாம் இடம் வரை போனார். அவரும் இந்த மாநிலத்துப் பெண். ஒரு சின்ன மாநிலம், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு உலக இளையோர் வெற்றியாளர்களைக் கொடுத்திருக்கிறது. உறுப்பினர் கட்டணம் கட்டும் மேல்தட்டுக் கிளப்புகளுக்குள் மட்டும் இந்த விளையாட்டு அடைபட்டுக் கிடந்திருந்தால் இது நடந்திருக்காது. பொதுமக்கள் உள்ளே போய் ஆடக்கூடிய களம் இருந்தது. மாநிலச் சங்கத்தின் பயிற்சி இருந்தது. அக்கா ஆடினால் தங்கையும் கூடவே வந்து நிற்க முடிந்தது. இன்று அந்த மையம் நிக்கோலின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது பின்பக்கக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று ஒரு தடவை பாருங்கள். முதல் வேலை, பந்தைச் சூடேற்றுவது. இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த அந்தச் சின்னக் கறுப்பு ரப்பர் பந்து, குளிர்ந்திருந்தால் தரையில் போட்டாலும் எழும்பாது. இருவரும் மாறி மாறிச் சுவரில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். சில நிமிடம் கழித்துக் கையில் எடுத்தால் வெதுவெதுவென்று இருக்கும். அப்போதுதான் அது ஆட்டத்துக்குத் தயார். களத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். அதற்குள் இரண்டு பேர், இரண்டு மட்டை, ஒரு பந்து. தரையில் கோடுகள் சந்திக்கும் நடு இடத்துக்கு 'டி' என்று பெயர். ஒவ்வோர் அடி அடித்த பிறகும் அங்கே திரும்பி வந்து நிற்க வேண்டும். பந்தே இல்லாமல், மட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த 'டி'யிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஓடி, குனிந்து, வீசி, திரும்பி வரும் பயிற்சி ஒன்று உண்டு. கோஸ்டிங் என்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். செய்கிற பிள்ளையின் சட்டையைப் பத்து நிமிடத்தில் பிழிந்துவிடலாம்.

நிக்கோலின் உயரம் ஐந்தடி. கை நீளமான எதிராளிக்கு இரண்டு எட்டு என்றால் இவருக்கு மூன்று. அந்தக் குறையைக் கால்களால் ஈடுகட்டினார். எங்கே அடித்தாலும் ஓடி எடுத்துவிடுவார் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே அவருடைய பெயர். 2000 பிப்ரவரியில், பதினாறு வயதில், பின்லாந்தில் தம் முதல் தொழில்முறைப் பட்டத்தை வென்றார். நம் கணக்கில் சொன்னால், எஸ்.பி.எம். எழுதும் ஐந்தாம் படிவத்துப் பிள்ளையின் வயது.

அப்படி என்றால் பிறகு ஏன் தடுமாற்றம்? இளையோர் ஆட்டத்தில் எல்லாப் பந்தையும் திருப்பி அடிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வெற்றி கையில். எதிரே நிற்பதும் ஒரு பிள்ளைதான். நான்கு தடவை, ஐந்து தடவை பந்து திரும்பி வந்தால் பொறுமை இழந்து தப்பாக அடித்துவிடும். பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தத் தப்பு வராது. இருபத்தெட்டு வயதுப் பெண், பத்து ஆண்டுகளாக ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைப்பு நடத்துகிறவர், நாற்பதாவது அடியையும் முதல் அடியைப் போலவே அடிப்பார். புள்ளியை அவர் இலவசமாகத் தரமாட்டார். நாம்தான் போய் எடுக்க வேண்டும். பதினேழு வயதில் உலகத்தை வென்ற ஆட்டம் பத்தொன்பதில் போதாமல் போவதற்குக் காரணம் இது. பிள்ளை சோம்பேறியாகிவிட்டது, தலைக்கனம் வந்துவிட்டது என்று வெளியில் இருப்பவர்கள் பேசுவார்கள். பெரும்பாலும் அது உண்மையில்லை. முன்னால் நிற்கும் ஆள் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

மதராஸிலிருந்து விம்பிள்டனுக்கு

இந்தக் கட்டம் ஸ்குவாஷுக்கு மட்டும் உரியதில்லை. தமிழர்களின் டென்னிஸ் வரலாற்றில் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை இதைக் கடந்து வந்திருக்கிறது.

1937இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், 1954இல் ஆஷ்லி கூப்பரை வென்று விம்பிள்டன் இளையோர் பட்டத்தைப் பெற்றார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை எடுத்த முதல் ஆள் அவர்தான். அதன் பிறகு அவர் வீணாகிப் போகவில்லை. 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை ஒரு செட் கூட விடாமல் தோற்கடித்தார். ஆனால் அந்தக் காலத்தில் பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு விம்பிள்டனிலும் இடமில்லை, டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. விம்பிள்டனில் 1968 வரை அதுதான் சட்டம். 1959இல் அமெரிக்காவின் ஜேக் கிரேமர், தம் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தால் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் உறுதி என்று கிருஷ்ணனிடம் சொன்னார். அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை. கிருஷ்ணன் வேண்டாம் என்றார். 1966இல் இந்திய அணியை டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போனவர்களில் முன்னால் நின்றார். அவர் எடுத்த முடிவு சரியா, தவறா என்று இன்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது: திறமை இருந்தும் தொழில்முறைக் கதவு மூடிக் கிடந்த காலம் அது.

மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்குக் கதவு திறந்திருந்தது. அப்பா வென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே விம்பிள்டன் இளையோர் பட்டத்தை ரமேஷ் வென்றார். அதே ஆண்டில் பிரெஞ்சு இளையோர் பட்டத்தையும் எடுத்து, உலகின் முதல்நிலை இளையோர் வீரர் ஆனார். ஆஸ்திரேலியரான ஹாரி ஹாப்மனிடம் அமெரிக்காவில் பயிற்சி பெற்றார். 1981இல் மணிலாவில் முதல் தொழில்முறைப் பட்டம். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஜான் மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டைப் பறித்துவிட்டுத் தோற்றார். அவருடைய மிக உயர்ந்த தரவரிசை 23. அதை எட்டியது 1985 ஜனவரியில், அதாவது இளையோர் பட்டங்களுக்கு ஐந்தரை ஆண்டு கழித்து. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலகின் முதல்நிலை வீரராக இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். அவருடைய சர்வீஸ் வேகமானதில்லை. மட்டையின் நுண்மையால், பந்தை வைக்கும் இடத்தால் ஆடியவர். சுற்றிலும் எல்லாரும் பலத்தால் அடிக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் அந்தக் கையை வைத்துக்கொண்டு உலகின் முதல் 25 பேருக்குள் நின்றது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் சமூகம் சரியாகக் கொண்டாடவே இல்லை என்பது என் வருத்தம்.

1990இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற லியாண்டர் பயஸ் சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமியில் உருவானவர். அவர் இரட்டையர் ஆட்டத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்தார். 2009இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இளையோர் பட்டம் வென்ற யூகி பாம்ப்ரிக்கு, ஒற்றையரில் தம் உச்சமான 83ஆம் இடத்தைத் தொட ஒன்பது ஆண்டு ஆயிற்று. நடுவில் காயம் மேல் காயம்.

அனைத்துலக டென்னிஸ் சம்மேளனமே இதை ஆராய்ந்திருக்கிறது. 2013இல் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஏறத்தாழ 14,000 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பரிசுப்பணமாக ஒரு காசும் கிடைக்கவில்லை. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கவே ஆண்களுக்குத் தரவரிசையில் 336ஆம் இடம் தேவைப்பட்டது, பெண்களுக்கு 253. முதல் தரவரிசைப் புள்ளி வாங்கிய ஆண் வீரர் முதல் நூறு பேருக்குள் வர ஏறத்தாழ ஐந்து ஆண்டு பிடித்தது. இது டென்னிஸ் நிலவரம். ஸ்குவாஷில் பரிசுப்பணம் அதைவிடக் குறைவு. விமானச் சீட்டு, தங்கும் இடம், மட்டை நரம்பு, பயிற்றுநர் கட்டணம், காயம் பட்டால் மருத்துவம் எல்லாம் முதலில் கையிலிருந்து போகும். தகுதிச் சுற்றிலேயே தோற்றால் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான். ஒரு பிள்ளை பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரை இப்படி வாழ வேண்டும். அதுவும், அதே வயதுத் தோழர்கள் பட்டப்படிப்பை முடித்து முதல் சம்பளம் வாங்கும் காலத்தில்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு பயிற்றுநர்

புசானிலிருந்து திரும்பிய நிக்கோல் 2003இல் எடுத்த முடிவு, அவர் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே லிஸ் இர்விங் இருந்தார். ஆஸ்திரேலியர். உலகின் இரண்டாம் இடம் வரை போன ஆட்டக்காரர்.

பத்தொன்பது வயதுப் பெண். சோறும் குழம்பும் கிடைக்கும் ஊரை விட்டு, அம்மா அப்பாவை விட்டு, குளிரும் மழையுமாக இருக்கும் ஊருக்குத் தனியாகப் போகிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பினாங்கில் கடைக்குப் போனால் அடையாளம் கண்டு கைகுலுக்குவார்கள். ஆம்ஸ்டர்டாமில் அவர் சைக்கிளில் போகும் இன்னொரு பெண். நம் வீட்டுப் பெண் பிள்ளையை அப்படி அனுப்புவோமா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். டேவிட் தம்பதி அனுப்பினார்கள். பதக்கம் வாங்கும் பெண்ணை அனுப்புவது எளிது. புசானில் தோற்று வந்த பெண்ணை அனுப்பினார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசிய விளையாட்டு மன்றமும் ஸ்குவாஷ் சங்கமும் அவரைக் கைவிடவில்லை. "எங்களை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பயிற்றுநரிடம் போகிறாயா" என்று முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பயணம் அங்கேயே நின்றிருக்கும். நாட்டுக்காக ஆடும் உரிமை, வெளிநாட்டில் இருந்து பழகும் வசதி இரண்டும் அவருக்கு ஒன்றாகக் கிடைத்தன. நம் நாட்டு விளையாட்டு நிர்வாகத்தைக் குறை சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் அவர்கள் செய்தது சரி.

ஆம்ஸ்டர்டாமுக்குப் பிறகு நிக்கோலின் ஆட்டம் மாறியது. ஓடி எடுப்பவர், முன்னால் வந்து பறிப்பவராகவும் ஆனார். 'டி'யை விட்டு அகலாமல், பந்து பின்சுவருக்குப் போகும் முன்பே காற்றில் வைத்து அடிக்கும்போது எதிராளிக்கு மூச்சு விட நேரம் இல்லை. கால்கள் அதே கால்கள். அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் மாற்றம். இரண்டரை ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2005இல் பிரிட்டிஷ் ஓப்பன். அந்த ஆண்டின் கடைசியில் ஹாங்காங்கில் உலக ஓப்பன், இறுதியாட்டத்தில் ரேச்சல் கிரின்ஹாமை வென்று. 2006 ஜனவரியில் உலகின் முதல் இடம். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியப் பெண். வயது இருபத்திரண்டு.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. 2006 ஆகஸ்டிலிருந்து 2015 வரை, தொடர்ந்து 108 மாதங்கள் முதல் இடம். எட்டு உலகக் கிண்ணம், ஐந்து பிரிட்டிஷ் ஓப்பன், மொத்தம் 81 தொழில்முறைப் பட்டங்கள். ஒன்பது புள்ளி ஆட்டமாக இருந்தது நடுவில் பதினொரு புள்ளி ஆட்டமாக மாறியது. இரண்டிலும் அவர்தான் முதல்.

தோல்வியும் இருந்தது. 2014 மார்ச்சில் உலக வெற்றியாளர் போட்டி பினாங்குக்கே வந்தது. வீட்டு வாசலில் ஆட்டம். அரையிறுதியில் எகிப்தின் நூர் எல் ஷெர்பினியிடம் தோற்றார். அந்த எல் ஷெர்பினிக்கு அப்போது பதினெட்டு வயது. அரங்கம் உறைந்துபோனது என்று எழுதுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பத்தொன்பது வயதில் தோற்கப் பழகியவருக்கு முப்பது வயதில் தோல்வி புதிதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில், எகிப்தியரின் சொந்த மண்ணில், ரனீம் எல் வெலிலிக்கு எதிரான இறுதியாட்டத்தில் நான்கு வெற்றிப் புள்ளிகளைத் தடுத்து நிறுத்தி எட்டாவது உலகக் கிண்ணத்தை எடுத்தார். அடுத்த பருவத்தில், முன்சுவரின் அடியில் இருக்கும் தகரப் பட்டையின் உயரத்தைப் பெண்கள் ஆட்டத்தில் 19 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்குக் குறைத்தார்கள். பந்தைத் தாழ்வாக வைத்து முடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது வாய்ப்பானது. ஓடி எடுப்பவர்களுக்குப் பாடு அதிகமானது. 2015 செப்டம்பரில் முதல் இடம் கைமாறியது. 2019இல் ஓய்வு பெற்றார். ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இல்லாத காலத்தில் ஆடி முடித்தவர் அவர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதன்முறையாக அது இடம் பெறுகிறது.

வடக்கே, சுங்கை பட்டாணியில்

பாகான் டாலாமிலிருந்து தெற்கே பாலம் ஏறினால் நிக்கோலின் ஊர். வடக்கே நெடுஞ்சாலை பிடித்தால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் சுங்கை பட்டாணி. அது சிவசங்கரி சுப்பிரமணியத்தின் ஊர். 1999இல் பிறந்த தமிழ்ப் பெண்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஆடியவர்கள் இருவரும் மலேசியர்கள். ஒரு பக்கம் அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடிய முப்பத்தைந்து வயது நிக்கோல். மறுபக்கம் பத்தொன்பது வயது சிவசங்கரி. ஐந்து செட் வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் தோற்றார் சிவசங்கரி. நிக்கோலுக்கு அது ஐந்தாவது ஆசிய ஒற்றையர் தங்கம்.

சிவசங்கரி பிடித்த வழி வேறு. அவர் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணிக்கு ஆடினார், விடுமுறையில் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார். பட்டம் வாங்கிய 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், காமன்வெல்த் போட்டிக்குச் சில வாரமே இருக்கும்போது சாலை விபத்தில் சிக்கினார். தலையிலும் கழுத்திலும் அடி. மட்டை பிடிப்பது இருக்கட்டும், நடமாடினால் போதும் என்று வீட்டார் வேண்டிக்கொள்ளக்கூடிய விபத்து அது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஹாங்சௌவில் ஆசிய ஒற்றையர் தங்கம் அவர் கழுத்தில். 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியாட்டத்தில், எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை ஐந்து செட்டில் வென்றார். பிறகு உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராக உயர்ந்தார்.

கடலுக்கு அப்பால் சென்னையிலும் இதே பாடம். ஜோஷ்னா சின்னப்பா 2005இல் உலக இளையோர் இறுதியாட்டம் வரை போனவர். அவர் வளர்ந்த காலத்தில் சென்னை ஸ்குவாஷ் அகாடமியில் பயிற்சி கொடுத்தவர் மேஜர் மணியம், ஒரு மலேசியர். நம்மவர் ஒருவர் அங்கே போய் ஒரு தலைமுறையை ஆளாக்கியிருக்கிறார் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஜோஷ்னா முதல் பத்துக்குள் வந்தது 2016இல். பதினோரு ஆண்டுகள். ஜகார்த்தாவில் குழு ஆட்டத்தில் நிக்கோலையே தோற்கடித்தார்.

நிக்கோல் படிப்பைத் தள்ளி வைத்துவிட்டு ஒரே மூச்சாக இறங்கினார். சிவசங்கரி பட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டார். ஜோஷ்னா ஊரிலேயே இருந்து நீண்ட காலம் காத்திருந்தார். எந்த வழி சிறந்தது என்று எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. நம் பெற்றோர்களுக்கு நான் பரிந்துரைப்பது சிவசங்கரியின் வழி. முட்டி தேய்ந்து இருபத்தாறு வயதில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு படிப்பு இருக்கும். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும். பயப்படும் பெற்றோரைக் கோழை என்று சொல்வது அநியாயம்.

ஐந்தாம் படிவம் முடிந்த பிறகு

நம் பக்கத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. எம்.எஸ்.எஸ்.எம். பள்ளிப் போட்டிகளிலும் சுக்மா விளையாட்டுப் போட்டியிலும் நம் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். பூப்பந்து, ஓட்டம், கராத்தே, ஸ்குவாஷ், எதிலும் இருக்கிறார்கள். பதக்கத்தோடு வந்ததும் கோயில் மண்டபத்தில் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு உறையில் கொஞ்சம் வெள்ளி வைத்துக் கொடுக்கிறோம். அது நல்ல காரியம், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாலை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் உதவியாகவும் கடைசி உதவியாகவும் இருக்கிறது. எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு பள்ளி அணி இல்லை, மாவட்டப் பயிற்சி இல்லை, இளையோர் பிரிவில் வயதும் தாண்டிப் போகிறது. அந்தக் கட்டத்தில் வீட்டுக்கு வந்து "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறவர் யாருமில்லை.

பாகான் டாலாமிலும் பிறையிலும் மாக் மண்டினிலும் உள்ள இந்திய இளைஞர் மன்றங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு பாராட்டு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து வையுங்கள். உங்கள் வட்டாரத்தில் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். கடைசியாக எப்போது வென்றது என்று பார்க்காதீர்கள். அதன் ஓராண்டுப் போட்டிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக உபகாரச் சம்பளத்துக்கு மனு எழுதத் தெரிந்த ஒரு ஆசிரியரை அந்தக் குடும்பத்தோடு சேர்த்து விடுங்கள். அடுத்த ஆண்டு அதே பிள்ளை எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பினாலும் இரண்டாவது ஆண்டும் கொடுங்கள், மூன்றாவது ஆண்டும் கொடுங்கள். நிக்கோலுக்கே மூன்று ஆண்டு தேவைப்பட்டது.